களிம்புக்குள் நிற்கும் குதிரை

சங்கராபுரம் பக்கத்தில் கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அள்ளத் தொடங்கிவிடுவார்கள். டிராக்டர் டிராக்டராக அந்த மண் கரும்புக்கும் மரவள்ளிக்கும் போகும். கொட்டிய மண்ணைப் பரப்பும்போதோ, முதல் மழை அடித்து ஓய்ந்த மறுநாள் வரப்பில் நடக்கும்போதோ பச்சையாகச் சின்னதாக ஒன்று கண்ணில் படும். ஓட்டாஞ்சில்லு என்று எடுத்தால் கனக்கும். முந்தானையிலோ வேட்டித் தலைப்பிலோ ஒரு தேய்ப்பு. வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் புளி, கொஞ்சம் சாம்பல், தேங்காய் நார். கால் மணி நேரத்தில் காசு புதுச் செம்பாகப் பளபளக்கும். அதில் இருந்த உருவமும் எழுத்தும் கழுவிய தண்ணீரோடு தென்னை மரத்தடிக்குப் போயிருக்கும்.

மண்ணிலிருந்து வந்த காசு வரலாற்றுக்குச் சாட்சி ஆகிறதா, வெறும் செப்புத் துண்டாகப் போகிறதா என்பது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. எப்படி எடுப்பது, யாருடைய காசு என்று எப்படி அறிவது, எப்படிக் காப்பது, யாரிடம் சொல்வது என்பவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் ஒன்றைவிட்டு ஒன்றைப் பேச முடியாது. மேல்நாடுகளில் இது மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு வயல்வெளியில் சுற்றுபவர்களின் பேச்சு. நம் பக்கத்தில் காசைக் காட்டிக்கொடுப்பவை கலப்பை, ஜேசிபி, ஆற்று வெள்ளம், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் கடப்பாரை. கருவி எதுவானாலும் அதற்குப் பிறகு நடக்க வேண்டியது ஒன்றே.

இந்த வட்டாரத்து மண்ணில் காசு கிடைப்பதில் வியப்பில்லை. வடக்கே பெண்ணையாறு. அதன் கரையில் திருக்கோவிலூர், சங்ககால மலையமான்களின் கோவலூர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜம்பை. அங்கே 1981இல் கண்டறிந்த தமிழிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. மேற்கே கல்வராயன் மலை. மலைக்கு அப்புறம் ஆத்தூர், ஐதருக்கும் திப்புவுக்கும் உட்பட்டிருந்த சீமை. தெற்கே தியாகதுருகம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மாறி மாறி மோதிய கோட்டை. கிழக்கே போனால் பிரெஞ்சுக்காரர் சொந்தமாகத் துட்டு அடித்த புதுச்சேரி. இவ்வளவு பேரின் காசும் கால்நடையாக, வண்டியில், படைவீரர் இடுப்பு முடிச்சில் இவ்வழியே போயிருக்கிறது. விழுந்ததும் உண்டு, பயந்து புதைத்ததும் உண்டு.

இந்தச் சீமைக்கே உரிய காசு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் மலையமான் காசைத்தான் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுச் செப்புச் சதுரம். ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் கிட்டத்தட்ட ஒரு வரைபடம் போல இருக்கும்: வளைந்தோடும் ஆறு, அதில் மீன்கள், பக்கத்தில் மலையைக் குறிக்கும் வளைவுகள். மலையையும் பெண்ணையாற்றையும் தன் நாடு என்று ஒரு குறுநிலத் தலைவன் நகம் அளவு செம்பில் பொறித்து வைத்திருக்கிறான். உலகத்து நாணயங்களில் இப்படித் தன் நிலத்தையே படமாக்கியவை மிகக் குறைவு. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அந்தக் குதிரைதான் காசில் நிற்கிறது என்று சொல்ல ஆசை வரும். ஆனால் மலையமான் என்பது ஒரு குடியின் பெயர். காசுகள் ஒரே தலைமுறையில் அடித்தவை என்று கொள்ள முடியாது. ஆகவே ஆசையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் காசுகளை உலகறியச் செய்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. மதுரைப் பக்கத்துப் பெருவழுதிக் காசை 1980களில் படித்து வெளியிட்டவரும் அவரே. சங்ககாலக் காசுகள் என்று தனியாக ஒரு வகை உண்டு என்பதையே அதற்கு முன் பலர் ஏற்கவில்லை. வைகை, அமராவதி, பெண்ணை ஆற்றுப் படுகைகளில் மணலைச் சலித்துக் காசு பொறுக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையிலிருந்து பழைய உலோகக் கடைக்கு வந்து, உருக்குச் சட்டிக்குப் போவதற்கு முன் மீட்கப்பட்டவை அந்தக் காசுகளில் பல. அந்த உழைப்பாளிகள் இல்லாவிட்டால் நமக்கு அவையும் கிடைத்திராது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு ஊர் உண்டு, மண் அடுக்கு கிடையாது. எந்தப் பானையோட்டுடன், எந்தச் சாம்பல் படிவோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் காலத்தைக் கறாராகச் சொல்லலாம். அது தெரியாததால்தான் சங்ககாலக் காசுகளின் ஆண்டைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. உங்கள் கொல்லையில் அசையாத மண்ணுக்குள் ஒரு மலையமான் காசு கிடந்தால் நூறு ஆற்றுக் காசுகளைவிட அது அதிகம் பேசும்.

அதனால் முதல் வேலை, எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்வது. செல்பேசியை எடுங்கள். காசைத் தொடுவதற்கு முன்பே ஒரு படம், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்து இன்னொரு படம். சர்வே எண், எந்த வரப்பு, எத்தனை அடி ஆழம், என்ன மண், கூட என்ன கிடந்தது. ஏரி வண்டலோடு வந்ததென்றால் எந்த ஏரி, எந்தக் கரை. ஒன்றுக்கு மேல் காசு தெரிந்தாலோ பானை வாய் தட்டுப்பட்டாலோ கையை எடுத்துவிட வேண்டும். பானைக்குள் காசு அடுக்கப்பட்ட விதம், மேலே மூடிய துணி, அடியில் இருக்கும் மண் எல்லாமே சாட்சி. செப்புக் களிம்பு பட்ட இடத்தில் துணி மக்காமல் அச்சாகப் படிந்திருக்கும். பானையைக் கவிழ்த்துக் கொட்டினால் அந்த அச்சு பொடியாகிவிடும்.

இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் 1992 நவம்பரில் நடந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தர, நண்பர் ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்கினார். கிடைத்தது ரோமானியப் பொன், வெள்ளிக் குவியல். கொஞ்சம் எடுத்ததுமே அவர் நிறுத்திவிட்டார், அரசுக்குச் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு பெயர்த்தெடுத்தார்கள். 14,865 நாணயங்கள். கரண்டியும் கிண்ணமும் எந்த வரிசையில் அடுக்கப்பட்டன, மரப்பெட்டி எவ்வளவு பெரிது என்பதுவரை அறிய முடிந்ததற்குக் காரணம், அந்த மனிதர் தோண்டுவதை நிறுத்தியதுதான். சுத்தியலும் பின்னால் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி, காசு யாருடையது என்று அறியும் வழி. எல்லாரும் முதலில் எழுத்தைத் தேடுவார்கள். எழுத்து கடைசி. முதலில் உலோகம், வடிவம், எடை, தடிமன். சதுரமாகவோ ஓரம் வெட்டுப்பட்டதாகவோ இருந்து, மேலே சூரியன், விலங்கு என்று தனித்தனிச் சின்னங்கள் குத்தப்பட்ட வெள்ளித் தகடாக இருந்தால் முத்திரைக் காசாக இருக்கலாம். கனமாக, சாம்பல் நிறத்தில், நகம் பட்டால் கீறல் விழும்படி மென்மையாக இருந்தால் ஈயம். ஈயத்தைச் சாதாரணமாக நினைத்து வலைக் குண்டு என்று வீசிவிடுவார்கள். கல்வராயனுக்கு வடக்கே செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் குவியலாகக் கிடைத்த ஈயக் காசுகளில்தான் தமிழி எழுத்தில் சேந்தன் என்ற தலைவனின் பெயர் படிக்கப்பட்டது.

வட்டமான செப்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம் இருந்தால் பெரும்பாலும் ராசராசன் காசு. தமிழகம் முழுதும் வயல்களில் அதிகம் கிடைக்கும் பழங்காசு அதுதான். உட்கார்ந்தவரின் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்றிருக்கும். தமிழ் எழுத்தை எதிர்பார்த்துப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் கோடாகத் தெரியும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. சோழர் போன பிறகும் இலங்கை அரசர்கள் அதே அமைப்பில் தங்கள் பெயரைப் போட்டுக் காசு அடித்தார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி பெயரிலெல்லாம் அப்படி உண்டு. உருவத்தைப் பார்த்ததும் ராசராசன் என்று எழுதிவிடாமல் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மீன் இருந்தால் பாண்டியரை நினைக்கலாம். அவர்களின் செப்புக் காசுகளில் எல்லாந்தலையானான், சோணாடு கொண்டான் என்று தமிழிலேயே பட்டப்பெயர்கள் உண்டு. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். எழுநூறு ஆண்டுக்கு முன் அடித்த எழுத்தை நம்மால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. அனுமனும் கருடனும் விசயநகரத்துத் தொடக்க அரசர்கள் காசில் வரும். நாயக்கர் காலத்துச் சிறுகாசுகளில் தெய்வமும் காளையும் ஒரு பக்கம், தமிழிலோ தெலுங்கிலோ நாகரியிலோ பெயர் மறுபக்கம். இவை அச்சைவிடக் காசு சிறிதாக இருப்பதால் பாதி உருவம்தான் விழுந்திருக்கும். ஒரே வகையில் நாலைந்தை ஒட்டிப் பார்த்தால்தான் முழு வடிவம் புரியும்.

ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த காசென்றால் யானை தெரியும். திப்புவின் செப்புக் காசு. மறுபக்கம் பாரசீக எழுத்தில் அக்கசாலை ஊரின் பெயர். அவர் பிற்காலத்தில் கொண்டுவந்த மௌலூதி ஆண்டுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இது தெரியாமல் ஆண்டைத் தலைகீழாகப் படித்துவிட்டுக் குழம்புபவர்கள் உண்டு. புதுச்சேரித் துட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு அல்லிப்பூ, மறுபக்கம் நல்ல தமிழில் புதுச்சேரி என்றே இருக்கும். காரைக்காலுக்கும் தனிக்காசு உண்டு. கம்பெனிக் காசுகளில் 1803ஆம் ஆண்டு இட்ட பத்துக் காசும் இருபது காசும் நிறையக் கிடைக்கும். அவை பர்மிங்காமில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்தவை. 1808 என்று ஆண்டு போட்டு, கடல் அரித்த காசு ஒன்றை யாராவது சங்கராபுரத்து மண்ணில் கிடைத்தது என்றால் நம்ப வேண்டாம். சென்னைக்குக் காசு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் எடுத்து உலகமெங்கும் விற்றார்கள்.

எடை என்பது இந்த ஆய்வில் பொய் சொல்லாத சாட்சி. நகைக்கடைத் தராசு போதும், கிராமில் இரண்டு தசமம் வரை காட்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலில், அகிலாண்டேசுவரி சன்னிதிக்கு அருகே மண்ணைத் தோண்டும்போது செம்பு ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்தம் 1.716 கிலோ. கி.பி. 1000க்கும் 1200க்கும் இடைப்பட்டவை என்றும் அரபு எழுத்து இருப்பதாகவும் அன்றே செய்தி வந்தது. 1,716 கிராமை 505ஆல் வகுத்தால் காசுக்குச் சராசரி 3.4 கிராம். விசயநகர காலம் தொட்டுக் கம்பெனி காலம் வரை தென்னாட்டில் புழங்கிய வராகனின் எடை அதுவேதான். வகுத்தல் கணக்கு மட்டுமே காலத்தை முடிவு செய்யாது. ஆனால் அரபு எழுத்தும் வராகன் எடையும் ஒரே பானையில் சேர்ந்தால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளிதழ் வருவதற்கு முன் தராசு வர வேண்டும்.

சென்னை மாகாணக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் நிலையான நாணயமானது. அதற்கு முந்திய பத்திரங்களைப் படிப்பவர்களுக்கு இந்த வாய்ப்பாடு உதவும். பொன்னில் அடித்த பழைய பணமோ அரிசியைவிடச் சற்றுப் பெரிய துகள். நானூறு மில்லிகிராம்கூடத் தேறாது. நெல் காயவைத்த களத்தில் விழுந்தால் உமியோடு போய்விடும். நமக்கு அது குறைவாகக் கிடைப்பதற்கு அளவும் ஒரு காரணம்.

எழுத்தைப் படிக்க வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சக்கூடாது. இருட்டறையில் காசை மேசைமேல் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, மெல்லச் சுற்றி வாருங்கள். ஒரு கோணத்தில் ஒன்றும் தெரியாத பரப்பில் இன்னொரு கோணத்தில் குதிரையின் பிடரி எழுந்து நிற்கும். அதை அப்படியே படமெடுங்கள். இந்த ஒரு வித்தை போதும், பாதிக் காசுகளைக் கழுவவே வேண்டாம்.

கழுவுவதைப் பற்றிப் பேசும்போது என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. எனக்குப் பதினொரு வயது. சாமி தீர்த்தவாரிக்கு இறங்கிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடும்போது ஒரு சதுரத் துண்டு கிடைத்தது. கரும்பச்சை. ஒரு பக்கத்தில் நான்கு கால்கள் தெரிந்தன, நாயோ மாடோ என்று எண்ணினேன். அம்மா பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதைப் பார்த்தவன்தானே; புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். சிவந்த செம்பு வந்தது. கால்கள் இரண்டு போயின. இன்னும் தேய்த்தால் தெளியும் என்று மறுநாளும் தேய்த்தேன். மீதி இரண்டும் போயின. அது என்ன காசு என்று புரிய எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அன்று எனக்குத் தெரியாதது இதுதான். மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும் செம்பு மேலிருந்து உள்ளே மாறிக்கொண்டே போகிறது. அச்சு விழுந்த பழைய மேற்பரப்பு முதலில் செந்நிற ஆக்சைடாகிறது, அதன்மேல் பச்சைக் கார்பனேட் படிகிறது. உருவமும் எழுத்தும் இப்போது அந்தப் படிவத்துக்குள் இருக்கின்றன. அடியில் மிச்சமிருக்கும் செம்புக்கு உருவம் கிடையாது. குதிரை நிற்பது களிம்பில். புளி, எலுமிச்சை, மோர், கோலா, பாத்திரம் துலக்கும் பொடி எல்லாம் அமிலமோ அரமோ ஆகி அந்தக் களிம்பைத்தான் தின்கின்றன. பித்தளைக் குடத்துக்கு நல்லது, காசுக்கு எமன்.

வீட்டில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் காசைப் போட்டு வைக்கலாம். போர்வெல் தண்ணீர் கூடாது, அதில் உப்பு உண்டு. நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றி, மண் இளகிய பிறகு மூங்கில் குச்சியைச் சீவி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மண்ணை மட்டும் தள்ள வேண்டும். மண் பழுப்பு, களிம்பு பச்சையோ சிவப்போ. நிறம் மாறும் இடத்தில் குச்சி நிற்க வேண்டும். கருவேல முள் கூர்மையானதுதான், ஆனால் கை நடுங்கினால் கீறும். பிறகு பஞ்சால் ஒற்றி, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்பைப் பிடித்துப் புதிதாகப் பச்சை காட்டும், தூசியையும் இழுக்கும்.

பொன்னுக்குத் தண்ணீர் போதும். மண்ணில் கிடைத்த வெள்ளியின் கருமையை சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு நீக்குவதாகச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கியிருக்கும். ஈயத்தை ஊறவைக்கவே வேண்டாம். அதன்மேல் உதிரும் வெண்பொடி நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

காசுக்கும் நோய் வரும். நல்ல களிம்பு கெட்டியாக, பளிங்குபோல் ஒட்டியிருக்கும். சில காசுகளில் வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும், ஊசி முனையால் தொட்டால் உதிரும், நாலு நாளில் மறுபடி பூக்கும். மண்ணிலிருந்து ஏறிய உப்பு உள்ளே செப்புக் குளோரைடாக உட்கார்ந்துகொண்டு, காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் செம்பை அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது வேகமெடுக்கும். அப்படிப்பட்ட காசை உடனே தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். மருத்துவம் ஆய்வகத்தில்தான். உப்பைக் கரைத்தெடுக்கும் காரக் கரைசல், பென்சோட்ரையசோல் என்ற தடுப்பு மருந்து, மேலே காற்றுப் புகாத பூச்சு என்று படிப்படியாகச் செய்வார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென ஒரு வேதியியல் ஆய்வகம் 1930இலேயே தொடங்கப்பட்டது. பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளின் நோயைத் தீர்த்தார். இந்தியாவுக்கே முன்னோடியான வேலை அது.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெளியும் பிவிசி உறைகள் நாளடைவில் அமிலம் விடும், காசில் பசைபோல் பச்சை ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் உறையோ அமிலமற்ற தாள் உறையோ வாங்குங்கள். புது மரப்பெட்டியிலிருந்து வரும் ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். பூசை அறையில் வைத்து மஞ்சள் குங்குமம் இடுவது மரியாதைதான், ஆனால் குங்குமத்தில் சுண்ணாம்பும் படிகாரமும் உண்டு. தாயத்துக்குத் துளை போடாதீர்கள், காசுமாலைக்கு வளையம் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே பழந்துளை இருந்தால் அதை அடைக்கவும் கூடாது. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. அந்த வெட்டுத்தான் அவை இங்கே எப்படிப் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டன என்று ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது.

ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு: எங்கே, எப்போது, எத்தனை கிராம், என்ன செய்யப்பட்டது. இது இல்லாத காசை வாங்கும் சேகரிப்பாளர் பாதிக் காசைத்தான் வாங்குகிறார்.

போலிகளையும் சொல்ல வேண்டும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா என்று மறுபக்கம் இருக்கும் பெரிய செப்பு வில்லைகள் திருவிழாக் கடையிலும் கையில் கொண்டுவந்தும் விற்கப்படுகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. உண்மையான கம்பெனி வராகனில் திருமால் உருவம் உண்டு. அது சின்னப் பொற்காசு. பழைய காசு அரிசியை இழுக்கிறது, அதில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லி நிலத்தை விற்க வைத்த கூட்டங்களால் நம் கிராமங்களில் அழிந்த குடும்பங்கள் உண்டு. பழைய காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஓட்டைக் காலணா கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதை வைத்துப் பேரனுக்குப் பாட்டி கதை சொல்லலாம், வீடு கட்ட முடியாது.

இனி மெட்டல் டிடெக்டர். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி மலையடிவாரத்தில் சுற்றலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். பொதுவாக அது ஒரு காசை முக்கால் அடி, ஒரு அடி ஆழம் வரைதான் காட்டும். உழவு ஏற்கெனவே கலைத்த அடுக்கும் கலையாத அடுக்கும் சந்திக்கும் இடம் அதுவே. காதில் சத்தம் கேட்டதும் கை குழி தோண்டும், எஞ்சியிருந்த ஒரே சாட்சியான மண் அடுக்கு குலையும். கல்வராயனில் காப்புக்காட்டு மண்ணைத் தோண்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவதும் குற்றம். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு நடக்கிறதே என்பார்கள். அங்கே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டமும், கண்டெடுத்ததைப் பதிய மாவட்டந்தோறும் அலுவலரும் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. அந்த அலுவலர் நமக்கும் வரட்டும், பிறகு கருவியைப் பேசுவோம்.

தொல்லியலாளர் கையில் அதே கருவி வேறு வேலை செய்யும். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984இல் வரிசையாக நடந்து, சத்தம் வந்த இடமெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தை வரைபடத்தில் ஏற்றி, யார் எங்கே நின்று சுட்டார்கள் என்றே கண்டுபிடித்தார்கள். தியாகதுருகக் கோட்டையடியில் அப்படி ஓர் ஆய்வு நடந்தால் பாசறை எங்கே, சந்தை எங்கே, எந்தப் படை எந்தக் காசோடு வந்தது என்று தெரிய வரும். மாநிலத் தொல்லியல் துறை செய்ய வேண்டிய வேலை, கல்லூரி மாணவர்கள் உடன் நிற்கலாம். மக்கள் நடமாட்டமும் வீடுகளும் பெருகுவதற்குள் நடக்க வேண்டும்.

சட்டத்தைச் சொன்னதும் மக்கள் பயந்து காசை மறைத்துவிடுகிறார்கள். சட்டம் அவர்கள் நினைப்பதைவிட நியாயமானது. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம்தான் இன்றும் நடைமுறை. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்கவோ அதற்கு உறுதி தரவோ வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளில் விசாரிப்பார். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தனக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உலோக மதிப்பு என்பதுதான் இதில் குறை. மலையமான் செப்புக் காசுக்கு உலோக மதிப்பு என்ன தேறும்? அரிய காசுக்கு வரலாற்று மதிப்பைக் கணக்கிட்டுத் தந்தால் பாதிக் காசு உருக்குச் சட்டிக்குப் போகாது. இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொன்று 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். நூறு வயது நிறைந்த காசு தொல்பொருள். 1920ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் காலணாவும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்யக் கூடாது, தனிப்பட்ட எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த உறவினர் கேட்கிறார் என்று பையில் போட்டுக் கொடுத்தனுப்புபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் முதலில் கிராம நிர்வாக அலுவலர், பிறகு சங்கராபுரம் வட்டாட்சியர், அவர் வழியே கள்ளக்குறிச்சி ஆட்சியர். 2019இல் மாவட்டம் பிரிந்ததால் விழுப்புரம் வரை அலைய வேண்டியதில்லை. காசைப் படிக்க உதவி வேண்டுமென்றால் கடலூர், சேலம், வேலூர் அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர்கள் இருக்கிறார்கள். போகும்போது காசைக் கழுவாமல் கொண்டுபோங்கள். மனு ஒரு பக்கம் போதும்: என்ன கிடைத்தது, எத்தனை, எங்கே, எந்தத் தேதியில். படங்களை இணையுங்கள். எண்ணிக்கையையும் எடையையும் எழுத்தால் எழுதி, நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.